கையைத்தான் கழுவுகிறேனே, நகம் இருந்தால் என்ன?

கேள்வி: நான் பொது மருத்துவ வார்டில் செவிலியராக வேலை செய்கிறேன். வயது 26. சின்ன வயதிலிருந்தே என் நகங்கள் மெலிந்து, பிளந்து உடையும். பதற்றம் வந்தால் கடிக்கும் பழக்கமும் உண்டு. தங்கையின் திருமணத்துக்காக முதல் தடவையாக அக்ரிலிக் நகம் வைத்துக்கொண்டேன். கடிப்பது நின்றுவிட்டது, கையைப் பார்க்க எனக்கே பிடித்திருந்தது. நீளமும் குறைவுதான். அப்படியே டியூட்டிக்கு வந்தேன். வார்டு இன்சார்ஜ் ஒரு நோயாளியின் படுக்கை அருகிலேயே, எல்லோர் முன்னாலும், "இது ஆஸ்பத்திரியா, பியூட்டி பார்லரா?" என்று கேட்டார். அன்றிலிருந்து மனசே சரியில்லை. கை கழுவாமல் நான் யாரையும் தொடுவதில்லை. கையுறையும் போடுகிறேன். ஐசியூவிலோ ஆபரேஷன் தியேட்டரிலோ எனக்கு வேலை இல்லை. மோதிரமும் வாட்சுமாக ரவுண்ட்ஸ் வரும் டாக்டர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. இதில் உண்மையிலேயே ஆபத்து இருக்கிறதா? இல்லை, செவிலியர் அழகாக இருக்கக் கூடாது என்ற பழைய எண்ணம்தானா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். நோயாளியைத் தொடும் வேலையில் இருக்கும்வரை செயற்கை நகம் வேண்டாம். அக்ரிலிக், ஜெல் எக்ஸ்டென்ஷன், ஒட்டு நகம், எதுவானாலும் இதே பதில்தான். நீளம் குறைவாக இருந்தாலும் பதில் மாறாது.

ஆனால் கழற்றச் சொன்னவர் காரணத்தையும் சொல்லியிருக்க வேண்டும். நான் தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பல ஆண்டுகளாக இருப்பவள். காரணம் சொல்லாமல் போடும் விதியை மேற்பார்வையாளர் இருக்கும்வரைதான் யாரும் மதிப்பார்கள். நைட் டியூட்டியில் அது காற்றில் போய்விடும். நோயாளியின் முன்னால் உங்களை அப்படிப் பேசியது தவறு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் காரணம்.

கையில் கிருமிகள் மிகுதியாகக் குடியிருப்பது நகத்துக்கு அடியில் இருக்கும் இடுக்கில்தான். நகத்தின் விளிம்புக்கும் விரல் நுனித் தோலுக்கும் இடையே ஈரமும் அழுக்கும் தங்குகிற அந்தக் குறுகிய இடத்துக்குள் சோப்பும் ஆல்கஹாலும் சரியாக எட்டுவதில்லை. போதாததற்கு, கை தேய்க்கும்போது நாம் அதிகம் விட்டுவிடுவதும் விரல் நுனிகளையும் கட்டைவிரலையும்தான். சொந்த நகத்திலேயே நிலைமை இப்படி.

செயற்கை நகம் இந்த இடுக்கைப் பெரிதாக்குவதோடு, இன்னோர் இடுக்கையும் உண்டாக்குகிறது. கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். வைத்த அன்று நகக்கண் ஓரத்தில் படிந்து உட்கார்ந்திருக்கும் அக்ரிலிக், நாட்கள் போகப்போக நகத்தோடு சேர்ந்து முன்னால் நகரும். அடியில் ஒரு விளிம்பு தெரியும். ஓரங்கள் லேசாகத் தூக்கும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை 'இன்ஃபில்' செய்ய வரச் சொல்வது இதற்காகத்தான். அந்தத் தூக்கலுக்குள் தண்ணீர் புகுந்தால் வெளியே வர வழியில்லை. ஒரு ஷிஃப்டில் எத்தனை தடவை நாம் கை கழுவுகிறோம் என்று நினைத்துப் பாருங்கள். ஈரமும் கதகதப்பும் மூடிய இடமும் சேர்ந்தால் சூடோமோனாஸ் போன்ற கிருமிகளுக்கு வேறென்ன வேண்டும்? செயற்கை நகத்தைக் கழற்றும்போது சிலருக்கு அடியில் நகம் பச்சையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பச்சை இந்தக் கிருமி உண்டாக்கும் நிறமி.

"நான் கழுவுகிறேனே" என்கிறீர்கள். நம்புகிறேன். கழுவியும் போவதில்லை என்பதுதான் விஷயமே. 2001-ல் வெளியான ஓர் ஆய்வில் செயற்கை நகம் வைத்த 21 மருத்துவப் பணியாளர்களையும் இயற்கை நகம் உள்ள 20 பேரையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கழுவுவதற்கு முன் செயற்கை நகக்காரர்களில் 18 பேரிடம் நோய் உண்டாக்கக்கூடிய கிருமிகள் இருந்தன. இயற்கை நகக்காரர்களில் 7 பேரிடம். கிருமிநாசினி சோப்பு போட்டுக் கழுவிய பிறகு அந்த 18 பேரில் 2 பேருக்குத்தான் அவை முழுதாக நீங்கின. மற்றப் பக்கம் 7 பேரில் ஒருவருக்கு நீங்கின. ஆல்கஹால் ஜெல் சோப்பைவிட நன்றாக வேலை செய்தது. ஆனால் அதிலும் இயற்கை நகம் உள்ளவர்களின் கைதான் அதிகம் சுத்தமானது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் அவர்கள் ஆய்வுக்காகவே கை கழுவியவர்கள். பரபரப்பான வார்டில், நாலு பெல் ஒன்றாக அடிக்கும் நேரத்தில் கழுவியவர்கள் இல்லை.

கையுறையைப் பற்றி ஒரு வார்த்தை. கூரான, கெட்டியான நகம் உள்ளிருந்து குத்தினால் கையுறை கிழியும். கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் புதுக் கையுறையிலேயே இருக்கலாம். கழற்றும்போது கையில் ஒட்டிக்கொள்வது வேறு. உள்ளே வியர்வையோடு மணிக்கணக்கில் மூடிக் கிடக்கும் கையில் கிருமி பெருகத்தான் செய்யும். எல்லா வேலைக்கும் நாம் கையுறை போடுவதும் இல்லை, போடவும் கூடாது. நாடி பார்க்கிறோம், தலையணையைச் சரிசெய்கிறோம், டிரிப் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறோம். அதே விரல்தான் அடுத்த கட்டிலுக்கும் போகிறது.

இனி ஒரு கஷ்டமான விஷயத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பயமுறுத்தச் சொல்லவில்லை. இந்த விதி எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும், அதற்காகத்தான். அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் ஒரு பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் 1997 ஜனவரி முதல் 1998 மார்ச் வரை சூடோமோனாஸ் ஏருஜினோசா தொற்று விடாமல் தொடர்ந்தது. அந்த 15 மாதங்களில் சேர்க்கப்பட்ட 439 குழந்தைகளில் 46 பேருக்கு அந்தக் கிருமி வந்தது. அவர்களில் 16 பேர் இறந்துபோனார்கள். பிரிவின் சுற்றுப்புறத்திலிருந்து எடுத்த மாதிரிகளில் கிருமி இல்லை. பிறகு 104 பணியாளர்களின் கைகளைப் பரிசோதித்தபோது மூன்று செவிலியர்களிடம் அது இருந்தது. ஒருவருக்கு நீளமான செயற்கை நகம். ஒருவருக்கு நீளமான சொந்த நகம். மூன்றாமவருக்குக் குட்டையான சொந்த நகம். யார் யாருடைய பராமரிப்பில் இருந்த குழந்தைகளுக்குத் தொற்று வந்தது என்று கணக்கிட்டுப் பார்த்தபோது, நீள நகம் இருந்த இரண்டு பேரோடும் தொடர்பு தெரிந்தது. குட்டை நகம் இருந்தவரோடு தெரியவில்லை.

இதைச் சிலர் "செயற்கை நகம் 16 குழந்தைகளைக் கொன்றது" என்று சுருக்கிச் சொல்வார்கள். அப்படிச் சொல்லாதீர்கள். ஆராய்ந்தவர்களே தங்கள் கட்டுரைத் தலைப்பில் "பணியாளர்களின் நகங்களுக்குப் பங்கு உண்டா?" என்று கேள்வியாகத்தான் வைத்தார்கள். எந்தக் கையிலிருந்து எந்தக் குழந்தைக்குப் போனது என்பதை யாராலும் ஒவ்வொன்றாக நிரூபிக்க முடியாது. அந்தச் செவிலியர்களும் உங்களைப் போலவே கை கழுவித்தான் வேலை பார்த்திருப்பார்கள். ஆனால் இந்தச் சம்பவத்தில் நான் முக்கியமாக நினைப்பது வேறொன்று. செயற்கை நகத்தை மட்டும் குறைசொல்லிவிட்டுச் சொந்த நகத்தை நீளமாக வளர்ப்பவரை விட்டுவிட முடியாது. வார்டில் உங்களைப் பார்த்து முகம் சுளித்தவர்களில் யாருக்காவது நகம் விரல் நுனியைத் தாண்டி நீண்டிருந்தால் அவர்களுக்கும் இதே பேச்சுதான்.

அது ஒன்று மட்டும் நடந்திருந்தால் தற்செயல் என்று விட்டிருக்கலாம். 2001-ல் நியூயார்க்கில் ஒரு பச்சிளங்குழந்தைகள் பிரிவில், பல மருந்துகளுக்கு மசியாத கிளெப்சியெல்லா என்ற கிருமி 19 குழந்தைகளிடம் பரவியபோதும் செயற்கை நகம் வைத்த ஒரு பணியாளரிடம் விசாரணை போய் நின்றது. இதய அறுவை சிகிச்சை நோயாளிகளின் காயங்களில் செரேஷியா என்ற கிருமியின் தொற்று வந்த இன்னொரு சம்பவம் 1997-ல் பதிவானது. தியேட்டரில் உதவிய செவிலியர் ஒருவர் செயற்கை நகம் வைத்திருந்தார். கிருமி கடைசியில் கிடைத்த இடம் அவர் வீட்டில் பயன்படுத்திய ஒரு சருமக் கிரீம் டப்பா. அதைத் தூக்கிப் போட்ட பிறகு தொற்று நின்றது. தியேட்டருக்குள் போகும் முன் முழங்கை வரை தேய்த்துக் கழுவுகிறவர்கள் அவர்கள்! வீட்டு டப்பாவிலிருந்த கிருமி அத்தனை தேய்ப்பையும் தாண்டி நோயாளியின் நெஞ்சுக் காயம் வரை வந்திருக்கிறது.

ஐசியூ இல்லையே என்ற உங்கள் வாதத்துக்கு ஓர் அடிப்படை இருக்கிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2002-ல் வெளியிட்ட கை சுத்த வழிகாட்டுதல், ஐசியூ, ஆபரேஷன் தியேட்டர் போன்ற இடங்களில் உள்ள அதிக ஆபத்துள்ள நோயாளிகளைத் தொடுபவர்களுக்குத்தான் செயற்கை நகத்தைத் தடுத்தது. 2009-ல் உலக சுகாதார நிறுவனம் ஒரு படி மேலே போனது. நோயாளியை நேரடியாகத் தொடும் யாரும் செயற்கை நகம் வைக்கக் கூடாது, சொந்த நகமும் அரை சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்றது. நான் இரண்டாவதன் பக்கம். உங்கள் வார்டையே எடுத்துக்கொள்ளுங்கள். டயாலிசிஸ் கதீட்டரோடு வருபவர், காலில் ஆறாத சர்க்கரைப் புண்ணோடு படுத்திருப்பவர், கீமோ முடிந்து வெள்ளணுக்கள் குறைந்தவர், நேற்று ஐசியூவிலிருந்து மாற்றப்பட்டவர் எல்லோரும் பொது வார்டில்தானே இருக்கிறார்கள்? ஆள் பற்றாக்குறை என்றால் நாளைக்கு உங்களையே ஐசியூவுக்கு அனுப்புவார்கள். ஷிஃப்ட் மாறுவதற்குள் நகத்தைக் கழற்றிவிட்டுப் போக முடியாது. நோயாளியையோ அவர்களுக்கான பொருட்களையோ தொடாமல் அலுவலகத்தில் மட்டும் இருப்பவர்களைப் பற்றி எனக்கு ஆட்சேபம் இல்லை.

தொற்று போக, வயதானவர்களின் தோல் எவ்வளவு மெல்லியது என்பது உங்களுக்குத் தெரியும். திருப்பிப் படுக்க வைக்கும்போது நகம் லேசாக இழுத்தாலே உரிந்துவிடும். நரம்பு தேடும்போதும் விரல் நுனிச் சதை நேரடியாகத் தோலில் பட வேண்டும்.

'சரி, எக்ஸ்டென்ஷன் வேண்டாம், பாலிஷ் மட்டும் போடலாமா' என்று அடுத்து கேட்பீர்கள். சாதாரண நெயில் பாலிஷ், குட்டை நகத்தில், விரிசல் இல்லாமல் இருக்கும்வரை பெரிய ஆபத்து என்பதற்கு ஆதாரம் குறைவு. உதிர ஆரம்பித்த பாலிஷ்தான் பிரச்சினை, அந்தப் பிளவுகளில் கிருமி தங்கும். ஜெல் பாலிஷ் விஷயத்தில் நான் இன்னும் கொஞ்சம் கறாராக இருப்பேன். 2018-ல் வந்த ஓர் ஆய்வில், ஆல்கஹால் தேய்த்த பிறகு சொந்த நகத்திலும் சாதாரண பாலிஷ் நகத்திலும் கிருமி குறைந்தது, ஜெல் பாலிஷ் போட்ட நகத்தில் குறையவில்லை. பல மருத்துவமனைகள் பாலிஷ் விஷயத்தைத் தங்கள் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவின் முடிவுக்கு விட்டிருக்கின்றன. உங்கள் இடத்து விதியைக் கேட்டு அதன்படி நடங்கள். அறுவை சிகிச்சைக்குக் கை கழுவி நிற்பவர்களுக்கு மட்டும் எந்தப் பாலிஷும் கூடாது.

இப்போது டாக்டர்களின் மோதிரத்துக்கு வருகிறேன். உங்கள் கோபம் நியாயமானது. மோதிரத்துக்கு அடியில் இருக்கும் தோலிலும் மற்ற இடத்தைவிடக் கிருமி அதிகம், வாட்ச் போட்ட மணிக்கட்டைச் சரியாகக் கழுவவும் முடியாது. பிரிட்டனில் 2007-க்குப் பிறகு 'முழங்கைக்குக் கீழே வெறும் கை' என்ற விதியை டாக்டர், செவிலியர் என்று பார்க்காமல் எல்லோருக்கும் கொண்டுவந்தார்கள். கிருமிக்குப் பதவி தெரியாது. செவிலியரின் நகத்தை மட்டும் பார்த்து டாக்டரின் மோதிரத்தைப் பார்க்காத நிர்வாகம் தன் விதியைத் தானே கெடுத்துக்கொள்கிறது. 'அழகாக இருக்கக் கூடாது என்ற எண்ணமா' என்று நீங்கள் கேட்டதற்குக் காரணமே இந்தப் பாரபட்சம்தான். ஆனால் அவர் மோதிரம் போட்டிருப்பதால் உங்கள் நகத்தின் ஆபத்து குறைவதில்லை. உங்கள் நகத்தைக் கழற்றிவிட்டு அதைக் கேளுங்கள், அப்போதுதான் கேள்வி நிற்கும். தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவுக்கு எழுத்தில் கொடுங்கள்: கையில் அணிபவை பற்றிய விதி நோயாளியைத் தொடும் அனைவருக்கும், டாக்டர், பிசியோதெரபிஸ்ட், லேப் டெக்னீஷியன் உட்பட, ஒன்றாக இருக்க வேண்டும் என்று.

இன்சார்ஜிடமும் தனியாகப் பேசுங்கள். "நகத்தைக் கழற்றிவிட்டேன் மேடம். காரணமும் புரிந்தது. ஆனால் நோயாளி முன்னால் சொன்னது எனக்குக் கஷ்டமாக இருந்தது, இனி தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்" என்றால் போதும். பார்லர் என்ற அந்தக் கேலிக்கு ஓர் இடமும் கொடுக்காதீர்கள். கை அழகாக இருக்க வேண்டும் என்று ஒரு பெண் நினைப்பது அவளுடைய தொழில் பக்தியைக் குறைத்துக் காட்டாது. இளைய செவிலியர்களைக் கூட்டத்தில் வைத்துக் கேலி செய்தால், அடுத்த தடவை ஊசி குத்திக்கொண்டாலும் அவர்கள் நம்மிடம் வந்து சொல்ல மாட்டார்கள். மூத்தவர்கள் இதைப் படித்தால் இந்த இடத்தை இன்னொரு தடவை படிக்க வேண்டுகிறேன்.

சரி, உங்கள் நகத்துக்கு என்ன செய்யலாம்? நீங்களே பிய்த்து எடுக்காதீர்கள், மேல் அடுக்கும் சேர்ந்து உரிந்து வரும். வைத்த இடத்திலேயே அசிட்டோனில் ஊறவைத்து எடுக்கச் சொல்லுங்கள். அதன் பிறகு நகம் மெலிந்து, சொரசொரப்பாகத் தெரியும். பயப்பட வேண்டாம். புது நகம் அடியிலிருந்து நுனிவரை வளர்ந்து வர ஆறு மாதம் ஆகும், அதுவரை குட்டையாகவே வெட்டி வைத்திருங்கள். கை அழுக்காகத் தெரியாதபோது சோப்பைவிட ஆல்கஹால் ரப் பயன்படுத்துங்கள். மாய்ஸ்சரைசர் கலந்த ரப், திரும்பத் திரும்ப சோப்பு போடுவதைவிடத் தோலையும் நகத்தையும் குறைவாகத்தான் உலர்த்தும். 20 முதல் 30 விநாடி தேய்க்கும்போது, விரல் நுனிகளைக் குவித்து எதிர்க் கையின் உள்ளங்கையில் சுழற்றித் தேய்ப்பதை விட்டுவிடாதீர்கள். டியூட்டி முடிந்ததும் நகக்கண்ணில் கிரீம் தடவுங்கள். டியூட்டி நேரத்தில் லேட்டக்ஸ் கையுறைக்கு அடியில் பெட்ரோலியம் ஜெல்லி வகை வேண்டாம், அது லேட்டக்ஸைப் பலவீனமாக்கும். அந்தச் செரேஷியா டப்பாவை நினைவில் வைத்து, விரலை விட்டு எடுக்கும் டப்பாவுக்குப் பதிலாக பம்ப் பாட்டிலாக வாங்குங்கள்.

நகம் வளர பயோட்டின் மாத்திரை என்று யாராவது சொல்வார்கள். நகக் குறைபாட்டுக்குப் பலனளிக்கும் என்பதற்கு ஆதாரம் மிகக் குறைவு. அதிக அளவில் எடுத்தால் தைராய்டு, மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் போன்ற ரத்தப் பரிசோதனைகளில் தவறான முடிவு வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2017-ல் எச்சரித்தது. நீங்கள் எடுத்தால் உங்கள் பரிசோதனைக்கு முன் சொல்ல வேண்டும். நோயாளிகளிடமும் இதைக் கேட்டுப் பழகுங்கள்.

கடிக்கும் பழக்கத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நகம் வைத்ததும் நின்றது என்பது நல்ல செய்தி, உங்களால் நிறுத்த முடியும் என்று தெரிந்துவிட்டது. கடிக்க விளிம்பே இல்லாதபடி குட்டையாக வெட்டி, பிசிறுகளை ராவி வைப்பது பலருக்கு உதவும். வீட்டில் இருக்கும்போது தடவிக்கொள்ளக் கசப்பான பூச்சும் உண்டு. கடித்த நகத்தோரத்துப் புண் உங்களுக்கும் ஆபத்து, நோயாளிக்கும் ஆபத்து. புண் இருந்தால் நீர்புகாத பிளாஸ்டர் போட்டுக்கொண்டுதான் வார்டுக்குப் போக வேண்டும். பதற்றம் வேலையிலிருந்து வருகிறதா என்பதையும் யோசியுங்கள், அது வேறு கடிதத்துக்கான விஷயம், எழுதுங்கள்.

திருமணம், விழா என்றால் ஒரு மாலைக்கு ஒட்டு நகம் வைத்து, டியூட்டிக்கு முன் பசை மிச்சம் இல்லாமல் எடுத்துவிடுங்கள். அக்ரிலிக்கும் ஜெல்லும் அடிக்கடி வேண்டாம் என்பேன். அவற்றில் இருக்கும் மெத்தக்ரிலேட் என்ற வேதிப்பொருள் கெட்டியாகும் முன் தோலில் பட்டால் சிலருக்கு ஒவ்வாமை உண்டாகும். ஒருமுறை வந்தால் பெரும்பாலும் ஆயுள் முழுக்கத் தொடரும். பல் அடைப்புப் பொருள், மூட்டு மாற்று அறுவையில் பயன்படுத்தும் எலும்புச் சிமென்ட், உடலில் ஒட்டும் சில சர்க்கரை சென்சார்கள் ஆகியவற்றிலும் இதே குடும்ப வேதிப்பொருட்கள் உண்டு. சாதாரண கையுறையை அவை சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். நாளைக்கு எலும்பு அறுவைத் தியேட்டரில் வேலை கிடைத்தால் இந்த ஒவ்வாமை உங்களுக்குத் தடையாக நிற்கும்.

கழற்றிய பிறகு நகம் பச்சையாகவோ, அடிச்சதையிலிருந்து பிரிந்தோ, ஓரம் சிவந்து வலியோடோ இருந்தால் மேலே பாலிஷ் பூசி மறைக்காமல் தோல் மருத்துவரைப் பாருங்கள். உங்கள் மருத்துவமனைத் தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியரிடமும் அன்றே சொல்லிவிடுங்கள். அவர் உங்களைத் திட்ட மாட்டார். சில நாட்களுக்கு எந்த வேலையைத் தவிர்க்க வேண்டும் என்று சொல்வார், அவ்வளவுதான்.